எத்தனையாவது பட்டன்?

தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சேப்பாக்கத்தில் தொடங்குகிறார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பை ஆரம்பித்தது. 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில் சன் டி.வி. வந்தது. அடுத்தடுத்து ராஜ், விஜய், ஜெயா, மக்கள், கலைஞர், ஜீ தமிழ், புதிய தலைமுறை. நிலையங்களையும் முதலாளிகளையும் நட்சத்திரங்களையும் வைத்துச் சொல்லப்படும் இந்தக் கதையில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் நிலையத்திலிருந்து கிளம்பிய படம் நந்தியம்பாக்கத்தில் ஓர் ஓலை வீட்டுக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது அதில் வருவதில்லை. அந்தக் கடைசி நூறு மீட்டரில்தான் என் பிழைப்பு நடந்தது. முதலில் மீஞ்சூரில் டி.வி. மெக்கானிக், பிறகு அத்திப்பட்டு, புதுநகர், நந்தியம்பாக்கம் வட்டாரத்தில் கேபிள் ஆபரேட்டர்.

ஒரு சேனல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பேசுவதற்கு முன்னால், அது வீட்டு டி.வி.யில் எத்தனையாவது பட்டனில் வருகிறது என்று கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் எது பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படாமலே போனது என்பதில் பாதியை அந்தப் பட்டன்தான் முடிவு செய்தது என்பது இத்தனை வருடம் கம்பம் ஏறிய பிறகு எனக்கு ஏற்பட்ட உறுதியான எண்ணம்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் டி.வி. இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எண்ணூர், கத்திவாக்கம் நிலைமை வேறு. அசோக் லேலண்டிலும் எண்ணூர் அனல்மின் நிலையத்திலும் மாதச் சம்பளம் வாங்கியவர்கள் டயனோராவும் சாலிடேரும் வாங்கினார்கள். இரண்டுமே சென்னைக் கம்பெனிகள். அத்திப்பட்டில் அப்போது உப்பளமும் வயலும் மீனும்தான். டி.வி. வாங்கினவர் தபால் ஆபீசில் அதற்கு லைசென்ஸ் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. பிற்பாடு அதை எடுத்துவிட்டார்கள்.

சேப்பாக்கத்து கோபுரத்துக்கும் எங்களுக்கும் வான்வழியில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். சிக்னல் போதாது என்ற பேச்சே இல்லை. ஆனால் படம் சுத்தமாக வருவது வேறு விஷயம். ஆன்டெனாவின் கம்பிகள் ஆள் உயரத்தைவிட நீளமானவை. கடல் காற்றில் ஓராண்டுக்குள் அவற்றின் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டிக்குள் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். அங்கிருந்து இறங்கும் ரிப்பன் ஒயர் வெயிலில் காய்ந்து அப்பளமாக நொறுங்கும். எண்ணூர்ப் பக்கத்து உயரமான இரும்புக் கட்டுமானங்களில் பட்டுத் திரும்பும் அலை, முகத்துக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கலான முகத்தைக் கொண்டுவரும். அதை நாங்கள் ‘கோஸ்ட்’ என்போம். ஆன்டெனாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மாடியில் ஒருவர், டி.வி. முன்னால் ஒருவர் நின்று, ‘இப்ப?’ ‘இல்ல!’ ‘இப்ப?’ ‘ஆங், அங்கியே வுடு!’ என்று கத்திக்கொண்டு அதைக் குறைக்க வேண்டும்.

கோடு கோடாக வெள்ளைப் புள்ளிகள் ஓடுவதுதான் எங்கள் பகுதிக்கே உரிய கோளாறு. செட்டைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது. பக்கத்து வீட்டிலும் ஓடுகிறதா என்று முதலில் கேட்க வேண்டும். ஓடினால் செட்டில் குறையில்லை. உயர் அழுத்தக் கம்பியின் பீங்கான் இன்சுலேட்டரில் உப்பும் சாம்பலும் படிந்து, இரவுப் பனியில் நனைந்து, மெல்லிசாகப் பொறி விடுகிறது என்று அர்த்தம். நல்ல மழை ஒன்று பெய்து கழுவிவிட்டால் தானாக நின்றுவிடும். ‘மழை வரட்டும், சரியாயிடும்’ என்று நான் சொன்னபோது பலர் என்னை நம்பவில்லை. மழைக்குப் பிறகு நம்பினார்கள்.

அந்தக் காலத்து நிகழ்ச்சிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலைப் படம், கடிதங்களுக்குப் பதில் சொல்லும் ‘எதிரொலி’, ஷோபனா ரவியும் வரதராஜனும் செய்தி வாசித்த விதம். நான் சொல்ல வேண்டியது வேறொன்று. 1982 ஆகஸ்டில் தேசிய நிகழ்ச்சி வந்த பிறகு இரவு எட்டரை மணி வாக்கில் சேப்பாக்கம் விலகிக்கொள்ளும், டெல்லி வந்துவிடும். வேலைக்குப் போன மனிதர் வீடு திரும்பிச் சாப்பிட்டு உட்காரும் நேரத்தில் தமிழ் முடிந்துபோயிருக்கும். 1987 ஜனவரியில் ‘ராமாயணம்’ தொடங்கியபோது ஞாயிறு காலைகளில் இந்தி ஒரு வார்த்தை தெரியாத பாட்டிகள் திண்ணை நிறைய உட்கார்ந்து பார்த்தார்கள். கதை தெரியும் என்பதால் பார்த்தார்கள். மற்ற நாள் இரவுகளில் செட்டை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். டி.வி. இருந்தும் இரவில் தமிழ் இல்லாத அந்தப் பத்து வருட வெறுமைதான் சன் டி.வி.யின் மூலதனம். நிர்வாகத் திறமை, துணிவு எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நிலம் ஏற்கெனவே உழுது கிடந்தது.

அந்த இடைவெளியை முதலில் நிரப்பியது வாடகை டெக். கல்யாணம், காதுகுத்து, பொங்கல் என்று ஏதாவது ஒரு காரணம். ஒரு கலர் டி.வி.யும் வி.சி.ஆரும் மூன்று கேசட்டும் சைக்கிள் கேரியரில் வரும், விடிய விடிய ஓடும். பிறகு யாரோ ஒருவர் தன் வீட்டு டெக்கிலிருந்து பக்கத்து வீடுகளுக்கு ஒயர் இழுத்தார். தமிழ்நாட்டில் கேபிள் என்பது அப்படிப் பிறந்ததுதான். புதுப்படத்தை அதில் ஓட்டியதைத் திரைத்துறையினர் எதிர்த்தார்கள்; அந்த எதிர்ப்பு நியாயமானது.

டிஷ் வந்தபோதுதான் தொழில் தொழிலாயிற்று. நாங்கள் வைத்தது பன்னிரண்டு அடி அலுமினிய வலை டிஷ். பட்டறையில் விலா எலும்புகளை வளைத்து, வலையை ரிவிட் அடித்து, மொட்டை மாடியில் கான்கிரீட் மேடை கட்டி நிறுத்தினோம். சாட்டிலைட் நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நம் ஊரிலிருந்து பார்த்தால் சில சாட்டிலைட்டுகள் கிழக்குச் சாய்வாக, சில மேற்குச் சாய்வாக, எல்லாமே தெற்கு வானத்தில். திசைகாட்டியும் கோணமானியும் வைத்துத் தோராயமாகத் திருப்பி, பிறகு ஒரு விரல் அகலம் இப்படி, ஒரு விரல் அகலம் அப்படி என்று நகர்த்தினால் இரைச்சலுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு முகம் வரும். அந்தக் கணத்தில் கிடைத்த சந்தோஷம் எனக்கு வேறு எந்த வேலையிலும் கிடைத்ததில்லை. ஒவ்வொரு வருடமும் மார்ச்சிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் சூரியன் நேராக சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். சில நாட்களுக்குப் பகலில் சில நிமிடம் படம் முழுக்கப் பொரிந்துபோகும். ‘சன் அவுட்டேஜ்’ என்று அதற்குப் பெயர். கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம், இன்ன நேரத்துக்குப் போகும், இன்ன நேரத்துக்கு வரும் என்று.

சன் டி.வி. ஆரம்பத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான் வந்தது. இந்திய மண்ணிலிருந்து தனியார் சேனல்கள் நேரடியாக சாட்டிலைட்டுக்கு அனுப்ப அனுமதி இல்லாத காலம் அது. ஆனால் பார்ப்பவருக்கு அது எதுவும் தெரிய வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்தது, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தமிழில் ஏதோ ஓடுகிறது என்பது மட்டும். சன் வந்த அந்த முதல் மாதத்தில் எனக்கு வந்த புது இணைப்புகள் அதற்கு முந்தைய ஒரு வருடத்து இணைப்புகளைவிட அதிகம்.

இப்போது பட்டனுக்கு வருகிறேன்.

பழைய கறுப்பு வெள்ளை செட்டுகளில் பன்னிரண்டு சேனல் வரைதான் பிடிக்கும். பலவற்றில் எட்டு பட்டன்தான். அதற்கு மேல் உள்ள எஸ்-பேண்டு, யு.எச்.எஃப். எல்லாம் அந்த செட்டுகளுக்குக் கிடையாது. சேப்பாக்கத்திலிருந்து நேரடியாகக் காற்றில் வரும் தூர்தர்ஷனின் அலைவரிசையில் வேறொன்றை வைக்க முடியாது; ஒயருக்குள் கசிந்து இரண்டும் கலந்துவிடும். அடுத்தடுத்த எண்களில் இரண்டு சேனல்களை வைத்தால், சேனலை எண்ணில் ஏற்றும் மாடுலேட்டர் மட்டமாக இருந்தால், ஒன்று மற்றதன் மேல் ஏறும். கழித்துப் பார்த்தால் நிஜமாக என் கையில் இருந்தவை ஆறு அல்லது ஏழு இடங்கள். பந்தியில் முதல் இலையில் யாரை உட்காரவைப்பது என்ற சங்கடம்தான். வானத்திலிருந்து இருபது சேனல் இறங்கும், ஏழுக்குத்தான் இடம்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. அலைவரிசை உயர உயர ஒயருக்குள் இழப்பு அதிகம். கண்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பும் தாழ்ந்த அலைவரிசை சேனல் கடைசி வீடு வரை தெளிவாகப் போகும். மேலே வைத்தது நாலாவது ஆம்ப்ளிஃபயரைத் தாண்டும்போது இரைச்சலாகிவிடும். என் லைனின் கடைசியில் இருந்தவை பெரும்பாலும் ஏழை வீடுகள். ஆக, ஏழைகள் எந்த சேனலைத் தெளிவாகப் பார்க்கிறார்கள் என்பதும் நான் எந்த எண்ணில் எதை வைத்தேன் என்பதைப் பொறுத்தது. தமிழ்ச் சேனல்களைத் தாழ்ந்த எண்களிலும் ஆங்கிலத்தையும் விளையாட்டையும் மேலேயும் வைத்தேன். மாடி வீட்டுக்காரர்கள் சிலர் சண்டைக்கு வந்தார்கள். அவர்களிடம் எஸ்-பேண்டு பிடிக்கும் புது கலர் டி.வி. இருந்தது, மேலே தேடிக்கொள்ள அவர்களால் முடியும், மற்றவர்களால் முடியாது என்று சொன்னேன். இன்றும் அதையேதான் சொல்வேன்.

தெலுங்குதான் எங்கள் பகுதியின் தனிக் கேள்வி. கூடூர் போகிற ரயில் பாதையின் மேல் இருக்கிறோம். கும்மிடிப்பூண்டி தாண்டினால் ஆந்திரம். அத்திப்பட்டிலும் பொன்னேரியிலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. 1995இல் ஜெமினியும் ஈ டிவியும் வந்தபோது அவர்கள் கூட்டமாக வந்து கேட்டார்கள். ‘தம்பி, எங்க ஊட்லயும் காசு வாங்கறல்ல, எங்களுக்கும் ஒண்ணு போடு’ என்று ஓர் அம்மா கேட்டது நியாயமாகப் பட்டது. ஓர் இந்திப் பாட்டு சேனலை எடுத்துவிட்டு ஜெமினியை வைத்தேன். சில மாதம் கழித்துத் தமிழ் வீடுகளிலும் மத்தியானத்தில் ஜெமினிப் படம் ஓடுவதைக் கலெக்ஷனுக்குப் போனபோது பார்த்தேன்.

இந்தப் பட்டனின் மதிப்பைச் சட்டமும் தெரிந்துவைத்திருந்தது. 1995இல் கேபிள் டெலிவிஷன் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. தலைமைத் தபால் நிலையத்தில் கட்டணம் கட்டி ஆண்டுதோறும் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. 2000இல் அதில் ஒரு திருத்தம்: தூர்தர்ஷனின் இரண்டு சேனல்களையும் மாநில மொழிச் சேனல் ஒன்றையும் பிரைம் பேண்டில், அதாவது எல்லா செட்டிலும் பிடிக்கும் எண்களில் வைத்தே ஆக வேண்டும் என்று ஆனது. தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகை அப்படித்தான் பல வீடுகளில் உயிரோடு இருந்தது. பின்னால் எம்.எஸ்.ஓ. என்ற பெரிய விநியோகக் கம்பெனிகளுக்கு சேனல்கள் இடத்துக்குப் பணம் கொடுக்கத் தொடங்கின. பார்ப்பவர் சேனலுக்குக் கட்டுவது ஒரு பக்கம், பார்ப்பவர் கண்ணில் பட சேனல் கட்டுவது இன்னொரு பக்கம். என்னைப் போன்ற சின்ன ஆபரேட்டருக்கு அதில் ஒன்றும் வரவில்லை. எண்ணை முடிவு செய்யும் உரிமை மட்டும் படிப்படியாகக் கையை விட்டுப் போனது.

மெகா சீரியல் காலத்தில் எங்கள் வேலை நேரமே மாறியது. ‘மர்மதேசம்’ ஓடியபோது பிள்ளைகள் பயந்துகொண்டே பார்த்தார்கள். அது வாரம் ஒரு நாள். 1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கிய பிறகு, அப்புறம் ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’ என்று தினசரி இரவு நேரம் புனிதமாகிவிட்டது. அந்த நேரத்தில் லைனைத் தொடக் கூடாது. ஒரு கனெக்டர் மாற்றுவதென்றாலும் பகலில்தான். வடசென்னை அனல்மின் நிலையத்தில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து, நேற்று என்ன ஆயிற்று என்று மனைவியிடம் கேட்டுக் கதையைத் தொடர்ந்ததை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். இந்தத் தொடர்களைக் கண்ணீர் வியாபாரம் என்று பலர் ஏளனமாக எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பகல் முழுக்க உப்பளத்திலும் கருவாட்டுக் களத்திலும் நின்ற பெண்கள், தங்களைப் போன்ற ஒரு பெண் குடும்பத்தோடு மல்லுக்கட்டி நிற்பதை அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் உட்கார்ந்த அந்த அரை மணி நேரத்துக்கு ஒரு மதிப்பு உண்டு.

2003 செப்டம்பர் 1இல் சென்னையில் ‘காஸ்’ என்ற முறை வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமானால் செட்டாப் பெட்டி வாங்க வேண்டும் என்றார்கள். நான்கு பெருநகரங்களுக்கு என்று சொல்லி, கடைசியில் சென்னையில்தான் நிலைத்தது. பெரும்பாலான வீடுகள் பெட்டி வாங்கவே இல்லை. ஆங்கிலமும் இந்தியும் ஒரே நாளில் காணாமல் போயின, யாரும் பெரிதாக வருந்தவில்லை. தமிழ்நாட்டில் டி.வி. என்றால் தமிழ்தான் என்று அன்று தெளிவாயிற்று.

ஊரையே மாற்றியது 2006. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 14 அங்குல கலர் டி.வி. அந்த ஆட்சி முடிவதற்குள் ஒன்றரைக் கோடிக்கு மேல் கொடுத்தார்கள். இலவசம் தேவையா என்ற விவாதத்தைப் பத்திரிகைகளில் படித்தேன். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் செப்பாக்கத்தில், அதுவரை ஒரே செட்டின் முன்னால் பத்து வீட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரர் படுக்கப் போனால் இவர்கள் எழுந்து போக வேண்டும். பெட்டி வந்த பிறகு ஒவ்வொருத்தியும் தன் வீட்டில், தன் நேரத்துக்குப் பார்த்தாள். அடுத்த விஷயம் ரிமோட். இந்தச் செட்டுகளில் எஸ்-பேண்டும் பிடிக்கும், யு.எச்.எஃப்.உம் பிடிக்கும். ஏழு இடம் என்ற கஷ்டம் ஒரே வருடத்தில் ஒழிந்தது. அதே 2006இல் மக்கள் தொலைக்காட்சி, 2007 செப்டம்பரில் கலைஞர் டி.வி., 2008இல் ஜீ தமிழ். இவை வந்ததற்கு அரசியலும் வியாபாரமும் காரணங்கள்தான். ஆனால் வந்தவை நிற்க இடம் கிடைத்தது அந்தப் பதினாலு அங்குலப் பெட்டியால் என்று நான் நினைக்கிறேன்.

செப்பாக்கத்துக்கு லைன் இழுப்பதும் லேசாக இல்லை. காற்றடித்தால் சாம்பல் பறந்து வந்து படியும். உப்புக் காற்று வேறு. வெளியே இருக்கும் கனெக்டருக்குள் இரண்டும் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பு கறுத்துப்போகும். கிரீஸ் தடவி, ரப்பர் டேப் சுற்றி, தண்ணீர் வடியும்படி ஒயரைக் கீழ்நோக்கி வளைத்துவிட்டு மாட்ட வேண்டும். அந்த வளைவை விட்டுவிட்டால் மழைத் தண்ணீர் ஒயர் வழியாகவே இணைப்புப் பெட்டிக்குள் போய்விடும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். இரண்டாவது, கேபிளை வெறும் கையால் தொடாதே. ஒரு வீட்டில் நியூட்ரல் அறுந்திருந்தால் கேபிளின் மேல் உறை வழியாகக் கரண்ட் திரும்பும். டி.வி. ஒயர்தானே என்று தொட்டு, கம்பத்திலிருந்து விழுந்தவர்களைப் பற்றி இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை.

ஆம்ப்ளிஃபயர்களுக்கு வழியில் இருக்கும் வீடுகளிலிருந்துதான் கரண்ட் எடுப்போம். பெட்டி மாட்டிய வீட்டுக்கு மாதக் காசு கிடையாது. 2008லிருந்து சில வருடம் தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு இருந்ததே, அப்போது இந்த ஏற்பாடு உடைந்தது. ஒரு தெருவில் கரண்ட் இருந்தாலும், நடுவில் இருக்கும் தெருவில் போனால் அதற்குப் பிந்தைய எல்லா வீட்டிலும் படம் போய்விடும். அடுப்பங்கரையிலிருந்து பார்த்தால் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும்; வீட்டில் கரண்ட் இருக்காது. ஜனங்களுக்கு அது பெரிய மனக்குறை. பேட்டரி வாங்கி வைத்துச் சமாளித்தோம். அந்தச் செலவைத் தாங்க முடியாமல் தொழிலை விட்டவர்கள் பலர்.

2011 செப்டம்பர் 2இல் தமிழ்நாடு அரசின் கேபிள் நிறுவனமான அரசு கேபிள் புது வேகத்தோடு வந்தது. மாதம் 70 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அதில் 20 நிறுவனத்துக்கு, மீதி 50 எங்களுக்கு. அதற்கு முன் நூறுக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அடிதான். ஆனால் கலெக்ஷன் நோட்டில் பாக்கி என்று எழுதும் பக்கங்கள் குறைந்ததையும் நான் சொல்லியாக வேண்டும். 70 ரூபாய் என்றால் அன்றே கையில் கொடுத்தார்கள்.

வல்லூரில் மின் நிலையம், காட்டுப்பள்ளியில் துறைமுகம் என்று கட்டுமானம் நடந்த வருடங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆட்கள் வந்து தங்கினார்கள். ஓர் அறையில் எட்டுப் பேர், நடுவில் ஒரு பழைய டி.வி. ‘பையா, போஜ்புரி’ என்று கேட்பார்கள். என்னால் முடிந்தபோது ஒன்றிரண்டு வைத்தேன். பிறகு மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் டி.டி.எச். சின்னக் குடையை அவர்களே கூரையில் மாட்டிக்கொண்டார்கள். கனமழையில் அந்தக் குடைகளில் படம் நின்றுவிடும். எங்கள் பெரிய டிஷ்ஷில் நிற்காது, அதன் அலைவரிசை வேறு. அடைமழையில் ஊரே கேபிள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்த இரவுகள் உண்டு.

செய்திச் சேனல்களின் காலத்தை ஒரே ஒரு டிசம்பரை வைத்துச் சொல்லிவிடலாம். புதிய தலைமுறை 2011இலும் தந்தி டி.வி. 2012இலும் வந்திருந்தன. 2016 செப்டம்பர் 22 இரவு முதல்வர் ஜெயலலிதா அப்போலோவில் சேர்க்கப்பட்டார். அன்றிலிருந்து டிசம்பர் 5 வரை சீரியல் நேரத்தில்கூட வீடுகளில் செய்தி ஓடியது. இதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மருத்துவமனை வாசலைக் காட்டிக்கொண்டே இருப்பார்கள், ஜனங்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர் இறந்த மறுவாரம், டிசம்பர் 12, வர்தா புயல். எங்கள் பக்கம் மரங்களும் மின் கம்பங்களும் வரிசையாகச் சாய்ந்தன. கம்பத்தோடு சேர்ந்து என் லைனும் தரைக்கு வந்தது. புதுக் கம்பம் நட வந்தவர்கள் வழியில் கிடந்த ஒயரையெல்லாம் வெட்டி ஒதுக்கினார்கள். அவர்களுக்கு வேறு வழியில்லை, கரண்ட் முதலில் வர வேண்டும். கரண்ட் வந்த தெருவிலிருந்து மறுநொடி போன் வரும், ‘அண்ணே, கேபிள் எப்போ?’ மொத்த ட்ரங்க் லைனையும் புதிதாக இழுத்தோம். மற்ற ஊர் ஆபரேட்டர்கள் கேட்காமலே ஆளும் ஒயரும் அனுப்பினார்கள். அந்த உதவியை இன்றுவரை மறக்க முடியவில்லை.

2017 செப்டம்பரில் அரசு கேபிளின் செட்டாப் பெட்டி வந்தது. வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தோம். படம் தெளிவு. கடைசி வீட்டிலும் முதல் வீட்டிலும் ஒரே தரம். டிஜிட்டலில் அலைவரிசை இழப்பு என்ற பழைய ஏற்றத்தாழ்வு பார்ப்பவர் கண்ணுக்கே தெரியாமல் போனது. நான் பல வருடம் தீர்க்க முயன்ற ஒன்று அது. கூடவே, எந்த சேனல் எந்த எண்ணில் என்பதும் தலைமை அலுவலகத்தில் முடிவானது. என் கண்ட்ரோல் ரூமில் மாடுலேட்டர்கள் தேவைப்படவில்லை. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதுக் கட்டண முறை வந்தது. நூறு சேனலுக்கு 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல்கள் தனி. வேண்டியதை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். கலெக்ஷனுக்குப் போகும் வீட்டிலெல்லாம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். பத்துக்கு எட்டு வீட்டில் நாலைந்து தமிழ்ச் சேனல்களின் பெயரைச் சொன்னார்கள். எல்லாமே பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டியின் முதல் எட்டுப் பட்டனுக்குள் அடங்கிவிடும்.

இப்போது என் வருமானத்தில் பெரும்பகுதி இணைய இணைப்பிலிருந்து வருகிறது. அதே கம்பங்கள், செம்புக்குப் பதில் கண்ணாடி இழை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கிற வீடுகள் கூடுகின்றன. பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள், வடநாட்டுத் தொழிலாளிகளும் போனில்தான். 2024 ஜனவரியில் பொதிகை ‘டிடி தமிழ்’ ஆனது. அதைக் கேட்டு எனக்குப் போன் செய்தவர்கள் எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், பொதிகை எங்கே போயிற்று என்று.

இந்த வயதானவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மகனோ மகளோ ஸ்மார்ட் டி.வி. வாங்கி மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதைப் போட்டால் முதலில் வருவது சேனல் இல்லை, டி.வி. கம்பெனி யாரிடம் காசு வாங்கியதோ அவர்களுடைய படங்கள். கேபிள் பெட்டி இருக்கும் இடத்துக்குப் போக ரிமோட்டில் நாலு முறை அழுத்த வேண்டும். தவறி வேறொன்றில் பட்டுவிட்டால் ‘சிக்னல் இல்லை’ என்று ஆங்கிலத்தில் வரும். ‘படம் வரல தம்பி’ என்று எனக்கு வரும் புகார்களில் பாதி இதுதான். ஒயரில் பழுதே இருக்காது. இந்த டி.வி.களில் போட்டவுடன் கேபிள் பெட்டிக்கே போகும்படி செட்டிங் செய்யலாம்; பலருக்கு அது தெரியாது. நான் போனால் முதலில் அதைச் செய்கிறேன். பிறகு கேபிள் ரிமோட்டில் அவர்கள் பார்க்கும் நாலைந்து சேனல்களை ஃபேவரிட்டில் போட்டு, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று வெள்ளை பெயின்டால் ஒரு புள்ளி வைத்துக் கொடுக்கிறேன். இதற்குக் காசு வாங்குவதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் பையன்களும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.